ஆயன்குளம் கிணறும் கிரீன்லாந்துப் பனியும்: ஜியாலஜி முடித்தபின் என்ன படிப்பது?

திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். தூத்துக்குடியில் பி.எஸ்சி. ஜியாலஜி கடைசி வருஷம். கேள்வியின் சாரம் இது: "அண்ணாச்சி, மேலே படிக்கணும். நிலத்தடி நீர் எடுக்கவா, பனி ஆராய்ச்சிக்குப் போகவான்னு தெரியல. அண்டார்டிகா வீடியோ ஒண்ணு பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே கிடக்கு. வீட்ல, ஐஸ்கட்டியப் படிச்சா யாரு சோறு போடுவாங்கிறாங்க. இங்கயே எம்.எஸ்சி. படிக்கவா, நேரா வெளிநாடு போகவா? எவ்வளவு செலவாகும்?"

ஜியாலஜி என்றதும் "ஜியாகிரபியா?" என்று திருப்பிக் கேட்காத சொந்தக்காரர் ஒருவரைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால் வீட்டார் புரியாமல் கேட்கிறார்கள் என்று கோபப்படாதே. சோற்றைப் பற்றிய கேள்வி நியாயமானது, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உன் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நிலத்தடி நீரா, பனியா என்று இரண்டு கரைகளாகப் பிரித்து நடுவில் நிற்கிறாய். அப்படி ஒரு ஆறே இல்லை என்பது என் எண்ணம். உன் ஊருக்குப் பக்கத்துக் கிணறு ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

ஆயன்குளம் கிணறு உனக்குத் தெரியாமல் இருக்காது. 2021 மழையில் பெருகி வந்த வெள்ளத்தை அதற்குள் திருப்பிவிட்டார்கள். வாய்க்கால் தண்ணீர் முழுவதும் இரைச்சலோடு உள்ளே விழுகிறது, நாள்கணக்கில் விழுகிறது, கிணறு நிறையவே இல்லை. "அதிசயக் கிணறு" என்று பேராகி, பஸ் பிடித்து வந்து பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஐ.ஐ.டி. மெட்ராஸிலிருந்து ஆய்வாளர்கள் வந்து பார்த்து, கீழே சுண்ணாம்புப் பாறையில் குகைபோல் வழிகள் இருக்கின்றன என்றார்கள். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புப் பாறையின் விரிசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. விரிசல் பெரிதானால் அதிகத் தண்ணீர் ஓடும். அதிகத் தண்ணீர் ஓடினால் இன்னும் பெரிதாகும். பல ஆயிரம் வருஷம் இப்படியே போனால் பூமிக்கடியில் ஒரு சாக்கடைப் பின்னலே உருவாகிவிடும். கார்ஸ்ட் என்று பாடத்தில் படித்திருப்பாய்.

இப்போது கிரீன்லாந்துக்கு வா. கோடையில் பனிப்படலத்தின் மேல் உருகிய நீர் ஓடைகளாக ஓடி, அங்கங்கே செங்குத்தான ஓட்டைகளுக்குள் விழுகிறது. அந்த ஓட்டைக்கு மூலான் என்று பெயர், பிரெஞ்சில் ஆலை என்று பொருள், விழும் இரைச்சலைக் கேட்டு வைத்த பெயர். 2006 ஜூலையில் அங்கே பனியின் மேல் 5 சதுர கிலோமீட்டருக்கும் பெரிதாக இருந்த ஒரு ஏரி, அடியில் விரிசல் விட்டு, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் காலியானது. அந்த இடத்தில் பனியின் கனம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவையும் தாண்டித் தண்ணீர் அடிப்பாறைக்குப் போய், மேலே இருந்த பனியையே கொஞ்சம் தூக்கிவிட்டது. பனிக்குள் தண்ணீர் வழி உண்டாக்குவதும் நம் சுண்ணாம்புக்குள் உண்டாக்குவதும் ஒரே கதைதான். இங்கே கரைகிறது, அங்கே ஓடும் தண்ணீரின் உராய்வுச் சூட்டில் உருகுகிறது. ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம்: பனி தன் எடையிலேயே மெல்ல நெகிழ்ந்து வழியை மறுபடி மூடப் பார்க்கும், பாறை மூடாது. திறக்கும் வேகத்துக்கும் மூடும் வேகத்துக்கும் நடக்கும் இழுபறியை ரோத்லிஸ்பெர்கர் என்பவர் 1972இல் கணக்காக எழுதினார். இன்றைக்கும் அந்த வழிகளுக்கு அவர் பெயர்தான்.

ஆயன்குளத்தில் விழுந்த தண்ணீர் எங்கே வெளிவருகிறது என்று கண்டுபிடிக்க என்ன செய்வாய்? பச்சையாக ஒளிரும் சாயம் கலந்து விட்டு, சுற்றுக் கிணறுகளிலும் கடற்கரை ஊற்றுகளிலும் மாதிரி எடுத்துக்கொண்டே இருப்பாய். பனியாற்றிலும் அதையேதான் செய்கிறார்கள்: மூலானில் சாயத்தை ஊற்றிவிட்டு பனியாற்றின் வாயில் காத்திருப்பார்கள். சாயம் சட்டென்று குவிந்து வந்தால் உள்ளே பெரிய குழாய், பரவலாக இழுத்துக்கொண்டு வந்தால் சின்னச் சின்ன இடுக்குகள்.

ஐசோடோப்பும், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களும், இதே மாதிரி. ஆக்சிஜன் 18 கனமானது, சீக்கிரம் மழையாக விழுந்துவிடும். குளிர்ந்த இடத்துக்குப் போகப் போக மேகத்தில் அதன் பங்கு குறையும். இதை வைத்துத்தான், பனியைத் துளைத்து உருளையாக எடுக்கும் பனித்தண்டிலிருந்து பழைய காலத்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். அண்டார்டிகாவின் டோம் சி என்ற இடத்தில் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலாகத் துளைத்து 8 லட்சம் வருஷத்துப் பனியை எடுத்தது அதற்காகத்தான். அதே ஆக்சிஜன் 18ஐ வைத்து உன் கிணற்றில் இருப்பது தென்மேற்குப் பருவமழையா, ஐப்பசி அடைமழையா என்று பிரித்துச் சொல்ல முடியும். வடகிழக்குப் பருவமழையில் கன ஐசோடோப்பு பொதுவாகக் குறைவு. தாமிரபரணி இரண்டு மழையும் குடித்து வரும் ஆறு. ஆற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூவும் (இரண்டு போகமும்) விளையும் ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும், ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரே கருவியில் போட்டுப் பார்த்தால் என்ன வரும்? அந்தக் கருவிக்குத் தாமிரபரணியும் ஒன்றுதான், அண்டார்டிகாவும் ஒன்றுதான்.

மூன்றாவதாக கிரேஸ் செயற்கைக்கோள்கள். 2002இல் ஏவப்பட்ட ஜோடி, ஒன்றன்பின் ஒன்றாக சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தவை. கீழே நிறை கூடினால் முன்னே போவது சற்று இழுபடும், இடைவெளி மாறும். அந்த மாற்றத்தை அளந்து, பூமியில் எங்கே எடை குறைகிறது என்று சொன்னார்கள். கிரீன்லாந்தில் பனி குறைந்ததையும் அதுதான் எடை போட்டது. பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான் வயல்களுக்கடியில் 2002 முதல் 2008 வரை சுமார் 109 கன கிலோமீட்டர் தண்ணீர் போய்விட்டது என்பதையும் அதுதான் காட்டியது. ஒரே தராசு, இரண்டு தட்டு.

ஆகவே நீ எடுக்க வேண்டிய முடிவு வேறு. உனக்குக் கைவரக்கூடிய கருவி எது? வேதியியல் ஆய்வகமா, கம்ப்யூட்டர் மாடலா, மின்தடை, நில அதிர்வு போன்ற புவி இயற்பியலா, செயற்கைக்கோள் படமா? அதைத் தேர்ந்தெடு. நிலத்தடி நீரில் பழகிய கை பின்னால் பனிக்குப் போகலாம், போனவர்கள் இருக்கிறார்கள். கருவி எதுவும் தெரியாமல் "எனக்குப் பனி பிடிக்கும்" என்று மட்டும் போனால், அண்டார்டிகாவில் பெங்குயினுக்கும் பனி பிடிக்கும்.

இதில் ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். நம் பி.எஸ்சி. ஜியாலஜியில் கணக்கு போதாது. கனிமத்தின் பெயரை உறக்கத்தில் கேட்டாலும் சொல்வோம், வகைக்கெழுச் சமன்பாட்டைக் கண்டால் கண்ணைக் கட்டிவிடும். நான் எம்.எஸ்சி. முடித்து ஒரு நேர்காணலுக்குப் போனபோது, நிலத்தடியில் தண்ணீர் ஓடும் வேகத்தைச் சொல்லும் டார்சி விதியை ஒப்பித்தேன். "சரி, இதிலிருந்து கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் எப்படிக் குழியும் என்று வரைந்து காட்டு" என்றார்கள். சாக்பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடி நின்றேன். இடம் கிடைக்கவில்லை. டார்சி 1856இல் மணல் குழாயில் தண்ணீர் விட்டு எழுதிய அந்த ஒற்றை வரியை நிஜமாகப் புரிந்துகொள்ள எனக்கு அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஆனது. நீ இந்த வருஷமே ஆரம்பி. ஐ.ஐ.டி.களின் பாடங்கள் இருக்கும் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் நிலத்தடி நீர், வகைக்கெழுச் சமன்பாடு இரண்டுக்கும் பாடம் இலவசமாகக் கிடைக்கும். பைத்தான் கொஞ்சம் கற்றுக்கொள். மற்றதெல்லாம் தானாக வரும்.

அப்புறம் படிப்பு. நேராக வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், எம்.எஸ்சி.யை இங்கேயே முடி. நம் பி.எஸ்சி. மூன்று வருஷம், பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நான்கு வருஷம் கேட்கும். அதைவிடப் பெரிய காரணம் பணம். சொந்தக் காசில் வெளிநாட்டு முதுகலை என்றால் பல லட்சம் கடன், ஜியாலஜிக்கு அந்தக் கடன் தேவையே இல்லை. ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாமில் ஜியாலஜி தாள் எழுது. தேர்வு பிப்ரவரியில் வரும், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபர் வாக்கில். அதில் தேறினால் பம்பாய், காரக்பூர், ரூர்க்கி போன்ற ஐ.ஐ.டி.களில் இடம் கிடைக்கலாம். நீருக்கு ரூர்க்கி நல்ல ஊர், தேசிய நீரியல் நிறுவனம் அங்கேயே இருக்கிறது. ஜாம் கிடைக்கவில்லை என்றால் உலகம் முடிந்துவிடாது. சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், அண்ணாமலை, சேலம் பெரியார், திருச்சி பாரதிதாசன் எல்லாவற்றிலும் ஜியாலஜி இருக்கிறது, நீ படிக்கும் தூத்துக்குடியிலும் இருக்கிறது. கல்லூரிப் பெயரைவிட எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்கு யாரிடம், எந்தக் கேள்வியில் வேலை செய்கிறாய் என்பதுதான் பிறகு உன்னைத் தூக்கிவிடும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

எம்.எஸ்சி.க்குப் பிறகு பி.எச்டி. என்றால், எங்கே போனாலும் உனக்குப் பணம் தர வேண்டும், நீ தரக்கூடாது. இந்தியாவில் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி அறிவியல் தாளில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அமெரிக்காவில் நல்ல துறைகளில் பி.எச்டி. மாணவருக்குக் கட்டணம் தள்ளுபடி, வகுப்பு எடுப்பதற்கோ ஆய்வுக்கோ மாதச் சம்பளம். ஆனால் 2025இல் அங்கே ஆராய்ச்சி நிதியில் கைவைத்ததில் சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்துவிட்டன, ஒரே கூடையில் எல்லா முட்டையையும் போட்டு வைக்காதே. ஜெர்மனி, நார்வே, சுவிட்சர்லாந்தில் பி.எச்டி. என்பது வேலை மாதிரி, விளம்பரம் வரும், விண்ணப்பித்துச் சேர வேண்டும். நிலத்தடி நீருக்கு கனடாவின் வாட்டர்லூ, அமெரிக்காவின் அரிசோனா, சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் பழைய கைகள். பனிக்கு கோபன்ஹேகன், பெர்ன், ஜெர்மனியின் பிரெமர்ஹாஃபனில் இருக்கும் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனம், அமெரிக்காவில் ஒஹாயோ ஸ்டேட், மெய்ன். பட்டியல் போதும், பட்டியல் யார் வேண்டுமானாலும் தருவார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கும் நிலமில்லாத விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மத்திய அரசின் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகை இருக்கிறது, பொருந்தினால் விட்டுவிடாதே.

பேராசிரியருக்கு எழுதும் மெயில்தான் நம் பிள்ளைகள் கோட்டைவிடும் இடம். "மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு நிலவியலின் எல்லாத் துறைகளிலும் ஆர்வம் உண்டு, தங்கள் மேலான ஆய்வகத்தில் வாய்ப்புத் தந்தால் கடினமாக உழைப்பேன்" என்று ஐம்பது பேருக்கு ஒரே மெயில். பதில் வராது, வரவும் கூடாது. இப்படி எழுதிப் பார்: "எங்கள் ஊர் சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் 12 கிணறுகளின் நீர்மட்டத்தை 14 மாதமாக அளந்து வருகிறேன். மழை பெய்து இரண்டு நாளில் நான்கு கிணறுகள் மட்டும் எகிறுகின்றன, மற்றவை மூன்று வாரம் எடுத்துக்கொள்கின்றன. உங்கள் பனியாற்றுச் சாயக் கட்டுரையில் இதே இரட்டை நடத்தையைப் பார்த்தேன். வரைபடத்தை இணைத்திருக்கிறேன்." நான்கே வரி. அந்தப் படத்தைத் திறந்து பார்க்காத நீரியல்காரர் இருக்க மாட்டார்.

அண்டார்டிகாவுக்குப் போக வெளிநாட்டுப் பட்டம் கட்டாயமில்லை. கோவாவில் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அண்டார்டிகாவில் 1989 முதல் மைத்ரி, 2012 முதல் பாரதி என்று நமக்கு இரண்டு நிலையங்கள். ஆர்க்டிக்கில் 2008 முதல் ஹிமாத்ரி, இமாசலத்தின் ஸ்பிதியில் 4,000 மீட்டர் உயரத்தில் 2016 முதல் ஹிமான்ஷ். பயணத்துக்குத் தேர்வானால் முழு உடல் பரிசோதனையும் உத்தராகண்டின் ஆலியில் பனிப் பயிற்சியும் உண்டு. இமயத்தில் சோட்டா ஷிக்ரி பனியாற்றின் பனி வரவு செலவை 2002 முதல் வருஷாவருஷம் அளக்கிறார்கள், தில்லி ஜே.என்.யூ.வில் பனியாற்று ஆய்வுக்குப் பழைய பேர் உண்டு. இன்னொன்று, நம் பக்கத்துக்காரர்களுக்கே தெரியாது: சிற்பக் கோயிலுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. காந்த நடுக்கோடு நம் தலைக்குப் பக்கமாகப் போவதால் அங்கே வைத்தார்கள். அதே நிறுவனம்தான் அண்டார்டிகாவிலும் புவிகாந்தத்தை அளக்கிறது. திருச்செந்தூர் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்.

பனி ஆராய்ச்சி என்றால் வருஷம் முழுக்கப் பனியில் நடப்பது என்று நினைக்காதே. ஒரு முறை ஒரு பனித்தண்டு அறைக்குள் போனேன், மைனஸ் 20 டிகிரி. ஒரு பெண் தடிக் கையுறையோடு ரம்பத்தில் பனித்தண்டை நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தாள், பனந்தடி அறுப்பதுபோல் நிதானமாக. மிச்சத் துண்டு ஒன்றை வெளியே எடுத்துவந்து கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டாள். படபடவென்று பொரிந்தது. பனிக்குள் அமுங்கிக் கிடந்த பழைய காற்று குமிழ் உடைத்து வெளியேறும் சத்தம். பத்து நிமிஷம் அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். ஆனால் அவள் சொன்னது: "வருஷத்தில் மூணு வாரம்தான் இந்த ரம்பம், மீதியெல்லாம் கம்ப்யூட்டர்."

சோறு. நிலத்தடி நீர் படித்தவருக்கு நம் நாட்டில் வேலைக்கு வழி தெளிவாக இருக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு வழியாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனமான ஜி.எஸ்.ஐ.யிலும் சேரலாம். மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி ஜியாலஜிஸ்ட் பணி உண்டு. பனி மட்டும் படித்தவருக்கு இங்கே வாசல் குறைவு, அதில் உன் வீட்டார் சொல்வது சரி. அதனால்தான் கருவியைப் பிடி என்கிறேன். ஐசோடோப்போ நீரோட்டக் கம்ப்யூட்டர் மாடலோ கையில் இருந்தால் பனியிலும் பிழைக்கலாம், பனி கைவிட்டால் கிணற்றுக்குத் திரும்பலாம்.

கிணறு என்றாலும் நம் பக்கத்தில் சாதாரண வேலையில்லை. உவரிக் கரையோரம் வரும் உப்பை எடுத்துக்கொள். கடலோர மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நிற்கும், அடர்த்தி வித்தியாசம் அப்படி. நாம் மோட்டார் போட்டு மேலே 1 மீட்டர் இறக்கினால், நாளாக நாளாக அடியில் உப்பு 40 மீட்டர் ஏறப் பார்க்கும். தேரி என்ற செம்மணல் மேட்டு மணல் மழையை உடனே குடித்துக்கொள்ளும் என்பது நமக்குப் பெரிய வரம். ஆனால் அதே தேரியில் மின்தடை அளக்கப் போனால் உலர்ந்த மணலில் கம்பியை அடித்தும் கரண்டே ஏறாது. ஒவ்வொரு கம்பிக்கும் உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, இரண்டு குடம் தீர்ந்து, பதநீர்க்காரரிடம் கெஞ்சித் தண்ணீர் வாங்கிய நாள் எனக்கு உண்டு. ஆயன்குளத்துக்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது: குகைவழியில் தண்ணீர் வடிகட்டப்படுவதில்லை, வெள்ளம் கொண்டுவரும் சாணியும் பூச்சிமருந்தும் அப்படியே அடுத்த ஊர்க் குடத்துக்குப் போகலாம். அதிசயம் என்று கைதட்டியவர்களில் எத்தனை பேர் இதை நினைத்தார்களோ.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் பெரும்பாலான கிணறுகளை வருஷத்துக்கு நான்கு முறைதான் அளக்கிறது: ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர். வடநாட்டுக்கு நவம்பர் என்றால் மழை முடிந்த கணக்கு. நமக்கு அது மழையின் நடுச்சாமம், நம் கிணறு நிறைவது அதற்கும் பிறகுதான். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வாரம் உன் ஊர்க் கிணறு எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறியது என்பது வருஷத்துக்கு நான்கு முறை எடுக்கும் அளவில் எப்படித் தெரியும்? அந்த இடைவெளிதான் உனக்கான இடம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கு. 30 மீட்டர் எஃகு டேப் ஒன்று, சாக்பீஸ் ஒன்று. காலையில் த்ரீ பேஸ் கரண்ட் வந்து மோட்டார் ஓடுவதற்குள் போய்விடு. டேப்பின் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸைத் தேய்த்து, கிணற்றுச் சுவரின் ஒரே இடத்தில் பெயின்ட்டில் குறி வைத்து, அங்கிருந்து இறக்கு. குறியில் 14.00 மீட்டர் வரும்படி நிறுத்திவிட்டு மேலே இழு. சாக்பீஸ் 0.62 வரை நனைந்திருந்தால், ஆழம் 13.38. சுவர் உயரம் 0.90ஐக் கழித்தால் தரையிலிருந்து 12.48 மீட்டர். தேதி, மணி, பக்கத்தில் எந்த மோட்டார் ஓடியது, எல்லாம் நோட்டில் எழுது. டேப்பின் முனையில் எடைக்கு ஒரு நட்டைக் கட்டும்போது முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொள். நாங்குநேரிப் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றில் நான் போட்ட இரண்டு நட்டுகள் இன்னும் அடியில்தான் கிடக்கின்றன, தோட்டக்காரப் பெரியப்பா பார்க்கும்போதெல்லாம் "எப்போவே எடுக்கப்போற?" என்று கேட்கிறார்.